ஜூலையில் ஓமன் கிழக்குக் கரை: ஆமை, மணல்மேடு, மசீரா. குடும்பத்தோடு போகலாமா?

சீப்வாசி
வணக்கம். மஸ்கட்டில் சீப் பக்கம் இருக்கிறோம். ஜூலையில் அப்பா அம்மா திருநெல்வேலியிலிருந்து வருகிறார்கள், பிள்ளைகளுக்கும் லீவு. மூத்தவளுக்குப் பத்து வயது, ஆமை என்றால் உயிர். ஆமைகள் முட்டையிட ஏறுகிற ராஸ் அல் ஜின்ஸ் கரைக்குக் கூட்டிப் போகாமல் இந்த வருடம் என்னை விடமாட்டாள். அப்படியே பாலைவனம் போய்க் கடலில் முடிகிற இடத்தையும் பார்க்க வேண்டும், மசீரா தீவுக்கும் போகலாமா என்று எனக்கு ஓர் ஆசை. நான்கு நாள் லீவு கிடைக்கும். வண்டி சாதாரண செடான். அலுவலகத்தில் யாரிடம் சொன்னாலும் "ஜூலையில் பாலைவனமா, வேற வேலை இல்லையா" என்கிறார்கள். ஆனால் ஆமைக்கு அதுதான் சீசன் என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள். அப்பாவுக்கு முட்டி வலி, அம்மாவுக்கு வெயில் ஆகாது. போனவர்கள் சொல்லுங்கள்.

ரூவிராஜா
அலுவலகத்தில் சொன்னதே சரி. ஜூலையில் உள்நாட்டில் இப்ரா, பிதியா பக்கமெல்லாம் வெயில் 45ஐத் தொடும், கார் கதவில் கை வைக்க முடியாது. பேசாமல் சலாலாவுக்கு டிக்கெட் போடுங்கள். சாரல், பச்சை மலை, ரோட்டோரம் இளநீர், குற்றால சீசன் மாதிரியே இருக்கும். பெரியவர்களும் சந்தோஷப்படுவார்கள். ஆமை எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த முறை பார்க்கலாம்.

சூர்பாலு
ராஜா அண்ணே, நீங்கள் சொல்வது பிதியாவுக்குச் சரி, கரைக்குச் சரியில்லை. நான் சூரில் வேலை பார்க்கிறேன், கோடையில் நாங்கள் இங்கே வெந்துகொண்டிருப்போம், வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி ராஸ் அல் ஹத்தைத் தாண்டித் தெற்கே அஷ்கரா வரைக்கும் போனால் கார் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கலாம். அங்கே பகலிலேயே 30ஐ ஒட்டித்தான் இருக்கும், ராத்திரி கடற்கரையில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு ஒரு மேல்சட்டை வேண்டும். உள்நாட்டிலிருந்து ஓமானிக் குடும்பங்கள் கோடைக்கு அஷ்கராவுக்கு வருவதே இதற்காகத்தான்.

காரணம் என்னவென்றால், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று சோமாலியாப் பக்கமிருந்து கிளம்பி ஓமன் கரையை ஒட்டியே அடித்துக்கொண்டு நம் ஊர்ப் பக்கம் வருகிறது. காற்று கரைக்கு இணையாக அடிக்கும்போது மேல்தண்ணீர் கரையை விட்டு வெளிப்பக்கம் நகர்ந்துவிடும் (பூமி சுற்றுவதால் வரும் விலகல் அது), அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். கரைக்காற்று முழுக்க அந்தத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. ராஸ் அல் ஹத் முனையில் கரை திரும்பிவிடுகிறது, அதற்கு வடக்கே சூரும் மஸ்கட்டும் இருக்கிற ஓமன் வளைகுடாவுக்கு இந்தக் குளிர் வருவதில்லை. அதனால்தான் சூரில் அனல், ஒன்றரை மணி நேரம் தள்ளி ஜிலுஜிலு.

ஆக இந்தக் கரைக்கு எப்போது போவது என்பதைப் பாலைவனம் என்ற பேரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சீப்வாசி சார், தாராளமாக வாருங்கள். ஆனால் பிதியா வழியாக மணல்மேட்டுக்குப் போகிற யோசனையை மட்டும் ஜூலையில் விட்டுவிடுங்கள், அதில் ராஜா அண்ணன் கட்சிதான் நான்.

ரூவிராஜா
சரி தம்பி, அஷ்கரா குளிர்ச்சி என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே என்ன இருக்கிறது? ஒரு மீன்பிடி ஊர், நாலு கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வயசானவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சூர்பாலு
கடல் இருக்கிறது அண்ணே.

சீப்வாசி
நன்றி பாலு. ஏசியை அணைக்கலாம் என்று சொன்னதுமே அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த கேள்வி, பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா? படத்தில் வெள்ளை மணலும் நீலத் தண்ணீருமாக இருக்கிறதே.

கடியபட்டணத்தான்
தம்பி, குளிக்க வேண்டாம். காலை நனைப்பதுகூட பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

அஷ்கரா, மசீரா பக்கம் லாஞ்சில் நிறைய வருடம் இருந்தவன் நான், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். படத்தில் நீங்கள் பார்த்த நீலத் தண்ணீர் நவம்பருக்கு மேல் எடுத்த படம். ஜூலையில் தண்ணீர் கலங்கிப் பச்சையாக இருக்கும், அலை அடுக்கடுக்காக வரும், அடியில் இழுப்பும் அதிகம். எங்கள் கன்னியாகுமரிக் கரையில் ஆனி ஆடியில் கடல் எப்படி நிற்குமோ அதே கடல்தான், ஏனென்றால் அதே காற்று. மேற்குக் கரையில் விசைப்படகுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் விடுகிறார்கள் இல்லையா, அந்த மாதங்களில் அங்கேயும் சின்னப் படகுகள் பாதி நாள் கரையில்தான் கிடக்கும்.

ஆனால் ஒன்று, அந்தக் கலங்கல்தான் மீனுக்குச் சோறு. அடித்தண்ணீர் மேலே வந்தால் கூடவே உரமும் வருகிறது, பாசி பெருகுகிறது, அதைத் தின்னச் சாளை கூட்டமாக வருகிறது, சாளையைத் தின்ன மற்றதெல்லாம் வருகிறது. சீசனில் அங்கே சாளையை மணலில் பாய் விரித்தாற்போல் கொட்டிக் காயப்போட்டிருப்பார்கள். மனிதருக்கு இல்லை, ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தீவனம். முதல்முறை பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. நாற்றம் மூக்கைத் துளைக்கும், உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீலவேணி
ஆமை பார்க்கப் போகிற பகுதியை நான் சொல்கிறேன், என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போன அனுபவம் இருக்கிறது.

ராஸ் அல் ஜின்ஸில் வழிகாட்டி இல்லாமல் ராத்திரியில் கரைக்குப் போக முடியாது. இரண்டு வேளை கூட்டிப் போகிறார்கள், ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஒன்று, விடிவதற்கு முன்னால் ஒன்று. எல்லோரும் ராத்திரிக்குத்தான் முண்டியடிக்கிறார்கள். நான் விடியற்காலையைத்தான் சொல்வேன். கூட்டம் குறைவு, திரும்புகிற நேரத்துக்கு வெளிச்சம் வந்துவிடும், முட்டையிட்டு முடித்த ஆமை கடலுக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம், அப்போது ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கவும் விடுவார்கள். ராத்திரியில் கேமராவுக்கே இடமில்லை, போனில் டார்ச் போட்டால் வழிகாட்டி கத்துவார், கத்தவும் வேண்டும்.

நடை உண்டு. அங்கே இருக்கிற ஆமை மையத்திலிருந்து கரைக்குப் போகிற கடைசித் தூரம் முழுக்கப் பொதபொதவென்ற மணல், அதில் ஆமை தோண்டிய பெரிய பெரிய பள்ளங்கள் வேறு. முட்டி வலிக்காரருக்கு இருட்டில் அது பெரிய தொந்தரவு. என் மாமியார் ஒரு பள்ளத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், "நீங்க போங்கம்மா, எனக்கு இதுவே போதும்" என்று. அவருக்குப் பக்கத்திலேயே ஒன்று மணலை வாரி இறைத்துக்கொண்டு இருந்தது, அது தனிக் கதை. நேரத்தோடு கேட்டால் அப்பாவுக்கு என்ன வசதி செய்து தர முடியும் என்று மையத்தில் சொல்வார்கள், போன் செய்து கேளுங்கள், போய் நின்று கேட்காதீர்கள்.

இன்னொன்று, பிள்ளையிடம் "கட்டாயம் முட்டையிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பல ஆமைகள் ஏறி வந்து, பள்ளம் தோண்டி, பிடிக்காமல் திரும்பிப் போய்விடும். ஜூலையில் ஆமையே வராத ராத்திரி அபூர்வம், ஆனால் எல்லாம் நீங்கள் நிற்கிற நேரத்தில் நடக்க வேண்டும் என்று அதற்கு ஒரு கடமையும் இல்லை. அங்கே வருவது பெரும்பாலும் பேராமை, ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இடும், ஒரே சீசனில் சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடியும் ஏறும்.

மணற்காட்டான்
ராஸ் அல் ஜின்ஸ் எல்லாம் டூரிஸ்ட் பொறி. டிக்கெட், வரிசை, நாற்பது பேர் ஒரு ஆமையைச் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பது. இதற்கு எதற்குக் காசு? ஃபோர் வீல் வண்டி வாடகைக்கு எடுங்கள், டயர் காற்றை 15, 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், அஷ்கராவுக்குத் தெற்கே போனால் யாரும் இல்லாத கரை எவ்வளவோ இருக்கிறது. கடலோரமாகவே வண்டியை விட்டுக்கொண்டு போகலாம், கூடாரம் போட்டுத் தூங்கலாம், ராத்திரி ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தால் ஆமை தானாகக் கிடைக்கும். அல் கலூஃப் பக்கம் வெள்ளை மணல்மேடு நேராகக் கடலில் இறங்குகிறது, பார்க்காமல் செத்தால் ஆன்மா சாந்தி அடையாது. நான்கு நாளில் இதைச் செய்யாமல் வரிசையில் நிற்கப் போகிறீர்களா?

அலையாத்தி
மணற்காட்டான், கலூஃப் அழகைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. மீதி அத்தனையும் எழுதியிருக்கக் கூடாது.

ராத்திரி கடலோரமாக வண்டி ஓட்டுவது என்றால் என்ன என்று சொல்கிறேன். அலை எட்டாத உயரத்தில் மணலுக்கு அடியில் முட்டைகள் இருக்கின்றன, உங்கள் டயர் அதற்கு மேல் ஏறி மணலை இறுக்கிவிடுகிறது. சுமார் இரண்டு மாதம் கழித்துக் குஞ்சு பொரிந்து மேலே வந்தாலும் கடலுக்குப் போகும் வழியில் உங்கள் டயர் தடம் குறுக்கே கிடக்கும். உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சுக்கு அந்தத் தடத்தை விட்டு ஏற முடியாது, அதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும், நண்டும் நரியும் அதற்காகவே காத்திருக்கின்றன. டார்ச் வெளிச்சம் இன்னும் மோசம். ஏறி வருகிற தாய் வெளிச்சத்தைப் பார்த்தால் திரும்பிவிடும். குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும், உங்கள் கூடார விளக்குதான் அதற்குக் கடல்.

சென்னையில் 1980களிலிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள், நானும் அப்படி நடந்து கற்றுக்கொண்டவள்தான். நீலாங்கரைக் கட்டிட விளக்குகளைப் பார்த்து ரோட்டுக்கு ஏறி வந்த குஞ்சுகளைக் கையால் பொறுக்கியிருக்கிறோம். இங்கே இன்னும் இருட்டான கரை மிச்சம் இருக்கிறது, அதற்கும் நாமே டார்ச்சோடு போக வேண்டுமா?

மசீராவைப் பாருங்கள். அங்கே முட்டையிடுகிற பெருந்தலை ஆமைகள் 1970களின் கடைசியில் ஆண்டுக்கு முப்பதாயிரம் என்று கணக்கிட்டார்கள், உலகத்திலேயே பெரிய கூட்டங்களில் ஒன்று. அதற்குப் பிறகு எண்ணிக்கை கடுமையாக விழுந்துவிட்டது, 2015ல் வடமேற்கு இந்தியப் பெருங்கடலின் பெருந்தலை ஆமைகளை அழிவின் விளிம்பில் இருப்பவை என்று ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் சேர்த்தார்கள். பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை எல்லாம்கூட அந்தத் தீவில் ஏறுகின்றன. ஒரே தீவில் நான்கு வகை.

மணற்காட்டான்
பாடம் எடுத்ததற்கு நன்றி மேடம். நேராகவே கேட்கிறேன். அந்த ஆமைகள் குறைந்தது என் டயராலா? வலையில் சிக்கி மூழ்கிச் சாகிறவை எத்தனை? 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினவே, அங்கே யார் வண்டி ஓட்டினார்கள்? கூட்டத்தோடு போய் ஒரு ஆமையைச் சுற்றி நிற்பதும் தொந்தரவுதானே? டிக்கெட் வாங்கினால் மட்டும் அது பாதுகாப்பு ஆகிவிடுமா?

அலையாத்தி
வலைதான் பெரிய எதிரி, அதை நான் மறுக்கவே இல்லை. மசீராவிலும் செவுள்வலையைத்தான் முதலில் சொல்வார்கள். கூட்டமும் தொந்தரவுதான், குறிப்பாக ஈத் விடுமுறையில் அங்கே நடப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த ஒரு கரையில் கூட்டத்தை அடக்கி வைப்பதால் பக்கத்துக் கரைகள் தப்புகின்றன. முட்டையிடத் தொடங்கிய பிறகே ஆட்களைக் கிட்டே விடுகிறார்கள், அப்போது அது சட்டென்று விட்டுவிட்டுப் போகாது. நீங்கள் தனியாகப் போனால் எந்தக் கட்டத்தில் கிட்டே போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. கூடாரம் போடுங்கள், மணல்மேட்டுக்குப் பின்னால் போடுங்கள், விளக்கை அணையுங்கள், வண்டியைக் கரையில் இறக்காதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மணற்காட்டான்
மேட்டுக்குப் பின்னால் போட்டால் காற்று கம்மி, அது உண்மையிலேயே வசதிதான். வண்டி விஷயம் யோசிக்கிறேன். டார்ச் விஷயம் ஒத்துக்கொண்டேன், போதுமா.

கல்வெட்டுப்பித்தன்
ஆமைச் சண்டைக்கு நடுவில் ஒரு சின்னத் திசைதிருப்பல். ராஸ் அல் ஜின்ஸ் போகிற யாரும் அங்கே இருக்கிற அருங்காட்சியகத்தை ராத்திரி வரிசைக்குக் காத்திருக்கும் அறையாக மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

அந்தக் கரையில் 1980களில் இத்தாலிய, பிரெஞ்சுக் குழுவினர் தோண்டியபோது வெண்கலக் கால வீடுகள் கிடைத்தன. ஒரு வீட்டில் நிலக்கீல் கட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, தாரைப் போன்ற அந்தப் பொருள்தான். ஒரு பக்கத்தில் நாணலும் கயிறும் அழுந்திய தடம், மறுபக்கத்தில் கடலில் கிடக்கும் பொருளில் ஒட்டிக்கொள்ளுமே அந்த ஒட்டுச்சிப்பிகள். அதாவது நாணலால் கட்டிய படகுக்கு வெளியே பூசி, கடலில் ஓட்டி, பிறகு உரித்தெடுத்து மறுபடி உருக்கிப் பூசுவதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய படகுப் பட்டறை. அதே இடத்தில் சிந்துவெளி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்தது. அரேபியாவின் கிழக்கு ஓரம் அது, அங்கிருந்து காற்றைப் பிடித்தால் அடுத்த கரை சிந்துதான். பாலு சொன்ன அதே காற்று.

சூருக்குப் போனால் மரக்கலம் கட்டும் பட்டறையைப் பாருங்கள், அங்கே கட்டிய கப்பல்களுக்குத் தேக்கு மலபாரிலிருந்து வந்தது. கரையில் நிறுத்தி வைத்திருக்கும் ஃபத் அல் கைர் என்ற பழைய கப்பலை ஏமனிலிருந்து சூர் மக்கள் பணம் திரட்டி மீட்டுக்கொண்டு வந்தார்கள். அப்பாக்களுக்குப் பிடிக்கும். மணலில் நடக்கவும் வேண்டாம்.

சீப்வாசி
இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நிலக்கீல் கட்டியை அப்பாவிடம் சொன்னேன், "ஆமையை விட்டுத் தள்ளு, முதலில் அங்கே போவோம்" என்கிறார். மகளுக்குக் கோபம்.

மசீரா பற்றி யாராவது? செடானோடு முடியுமா?

சூர்பாலு
தீவில் ஊரும் முக்கிய ரோடும் தார் போட்டதுதான், செடான் போகும். ஷன்னா துறையிலிருந்து கார் ஏற்றுகிற ஃபெர்ரி ஹில்ஃப் ஊருக்குப் போகிறது, கடப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஷன்னாவுக்குப் போய்ச் சேருவதே ஒரு நாள் வேலை. நான்கு நாளில் சூர், ஆமை, அஷ்கரா, மசீரா என்று நான்கையும் திணித்தால் பெரியவர்கள் காரிலேயே குடியிருப்பார்கள். ஜூலையில் மசீராவில் காற்று ஆளைத் தள்ளும். காற்றாடிப் பலகையில் கடலில் பறக்கிற வெள்ளைக்காரர்கள் அதற்காகவே ஜூன் முதல் அங்கே வந்து கிடக்கிறார்கள், நமக்கு அந்தக் காற்றில் இட்லிப் பாத்திரத்தை மூடி வைத்துச் சாப்பிட முடியாது. ஈத் சமயமாக இருந்தால் ஃபெர்ரிக்கு முன்பதிவு இல்லாமல் போகவே போகாதீர்கள்.

உப்புக்கொத்தி
மசீராவுக்கு எதிரே இருக்கும் பர் அல் ஹிக்மான் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் வரைபடத்தில் பார்த்தால் ஷன்னா பக்கம் வண்டியை விடக் குறுக்கு வழி மாதிரி தெரியும். அது சப்கா, உப்புப் படிந்த சதுப்புத் தரை. மேலே வெள்ளையாய் இறுகிக் காய்ந்த தரை, அடியில் சேறு. தடம் இருக்கிற இடத்தை விட்டு ஒரு வண்டி அகலம் விலகினாலும் அச்சு வரை இறங்கிவிடும், ஃபோர் வீலும் இறங்கும். அலை ஏறினால் சில இடங்களில் தண்ணீரும் வரும். தனி வண்டியில் அங்கே போகவே கூடாது. என் கண் முன்னால் இறங்கிய வண்டியை எடுக்க அடுத்த நாள் வரை ஆனது, அவர்களை ஒரு மீனவர் கூட்டிப் போய்ச் சாப்பாடு போட்டார்.

ஆனால் குளிர்காலத்தில் பறவை பார்க்கிற யாருக்கும் அது சொர்க்கம். சைபீரியாப் பக்கமிருந்து வருகிற உள்ளான், கொத்தி வகைகள் லட்சக்கணக்கில் அந்தச் சேற்றில் மேயும். நண்டுண்ணி என்று வெள்ளையும் கறுப்புமாக ஒரு பறவை, கனத்த கறுப்பு அலகு, சேற்றிலிருந்து நண்டை இழுத்து வெளியே போட்டு உதறித் தின்னும். நமது கோடியக்கரைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் குளிர்காலத்தில் சில வந்து போகும், இங்கே அதைக் கூட்டமாகவே பார்க்கலாம். ஜூலையில் போனால் பெரும்பாலானவை வடக்கே போயிருக்கும், அதனால் உங்களுக்கு இது இப்போது வேண்டாம்.

ரூவிராஜா
பார்த்தீர்களா, ஒவ்வொருவராக வந்து "ஜூலையில் இது வேண்டாம், ஜூலையில் அது வேண்டாம்" என்றுதான் சொல்கிறார்கள். குளிக்க வேண்டாம், மணல்மேடு வேண்டாம், மசீரா வேண்டாம், பறவை இல்லை. நான் முதலிலேயே சொன்னேன். சலாலா.

சூர்பாலு
சலாலா பச்சையாவதும் இதே காற்றால்தான் அண்ணே. அங்கே மலை நின்று மேகத்தைப் பிடிக்கிறது, இங்கே பிடிக்க மலை இல்லை, அதனால் குளிர்ச்சி மட்டும் வருகிறது, மழை வருவதில்லை. கடலுக்குள்ளே பார்த்தால் சலாலாவுக்குக் கிழக்கே மிர்பாத் பக்கம் குளிர்நாட்டுக் கடலில் வளர்கிற மாதிரியான ஆளுயரக் கடற்பாசிக் காடு இந்த மாதங்களில் எழும்புகிறது, குளிர்காலம் வந்தால் கரைந்துவிடுகிறது. அரேபியாவில் யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா? ஆனால் அலை அப்படி இருக்கும்போது அதை யாரும் மூழ்கிப் பார்க்க முடியாது, அதுதான் வேடிக்கை. ஒரே காற்று ஒரு கையால் கொடுத்து மறு கையால் கதவை மூடுகிறது.

அபுதாபிஅன்பு
இடையில் ஒரு கேள்வி. நாங்கள் எமிரேட்ஸிலிருந்து காரில் வருவதாக இருந்தால்?

நீலவேணி
வண்டிக்கு ஓமனுக்குச் செல்லுபடியாகும் காப்பீடு வேண்டும், ஆரஞ்சு கார்டு என்பார்கள், உங்கள் காப்பீட்டு நிறுவனத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வண்டி வேறொருவர் பேரில் இருந்தால் அவர் கொடுத்த கடிதமும் வேண்டும். இருட்டிய பிறகு சூருக்குத் தெற்கே ஓட்டுவதைத் தவிருங்கள். ஒட்டகம் ரோட்டில் படுத்திருக்கும், அதற்கு விளக்கு கிடையாது.

சீப்வாசி
மகள் இப்போது திமிங்கிலம் பார்க்க முடியுமா என்று கேட்கிறாள். இந்த இழையை நான் படிக்கப் படிக்க அவளும் தோளுக்கு மேலிருந்து படிக்கிறாள்.

அலையாத்தி
அவளிடம் இதைச் சொல்லுங்கள். உலகத்தில் மற்ற இடத்துக் கூனல் திமிங்கிலங்கள் எல்லாம் இரை தேடத் துருவக் கடலுக்குப் போய், குட்டி போட வெப்பக் கடலுக்கு வரும். அரபிக்கடலில் இருப்பவை மட்டும் எங்கேயும் போவதில்லை, வருடம் முழுக்க இங்கேயே. காரணம் கடியபட்டணத்தான் அண்ணன் சொன்ன அந்தக் கலங்கல் தண்ணீர்தான், வெப்பக் கடலிலேயே சோறு கிடைக்கும்போது எதற்குத் துருவத்துக்குப் போக வேண்டும்? மரபணுவைப் பார்த்தால் மற்ற கூட்டங்களிலிருந்து சுமார் எழுபதாயிரம் ஆண்டுகளாகப் பிரிந்தே இருக்கின்றன. ஓமன் பக்கம் நூறுக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

2017ல் மசீரா வளைகுடாவில் ஒரு பெண் திமிங்கிலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள், பேர் லூபான், சாம்பிராணி என்று பொருள். அது அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் தென்மேற்குக் கரை வரைக்கும் வந்தது. ஆக, கன்னியாகுமரி மீனவர்களும் அவளும் ஒரே ரூட்டில்தான் போய் வருகிறார்கள்.

பார்க்க முடியுமா என்றால், ஜூலையில் அந்தக் கடலில் படகு ஏறுவதே வேண்டாம். டால்ஃபின் வேண்டுமானால் மஸ்கட்டிலிருந்தே காலையில் படகில் போகலாம். அக்டோபர் வாக்கில் தைமானியாத் தீவுகள் பக்கம் திமிங்கிலச் சுறா வருவதுண்டு, சீப்பிலிருந்தே படகு இருக்கிறது, உங்கள் வீட்டு வாசல்தான். அந்த ஒன்பது தீவுகளும் காப்பகம். மே முதல் அக்டோபர் கடைசி வரை அழுங்காமையும் பறவைகளும் முட்டையிடுவதால் தீவில் இறங்க விடமாட்டார்கள், படகிலிருந்தே தண்ணீரில் இறங்கிப் பார்க்க வேண்டும். மகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

சீப்வாசி
சரி, முடிவு செய்துவிட்டேன். கரையோர ஹைவேயில் சூர், வழியில் பிம்மா பள்ளம் மட்டும், வாதி ஷாப் பள்ளத்தாக்கு கிடையாது, இந்த வெயிலில் அப்பாவால் அந்த நடை முடியாது. சூரில் மரக்கலப் பட்டறை. ராஸ் அல் ஜின்ஸில் ஒரு ராத்திரி தங்கி விடியற்காலை ஆமை, அருங்காட்சியகம். பிறகு அஷ்கராவில் தங்கல், குளியல் இல்லை, கரையில் உட்காருவது மட்டும். மசீராவும் கலூஃபும் டிசம்பருக்கு. மணற்காட்டான், டிசம்பரில் ஃபோர் வீல் எடுத்தால் உங்களிடம்தான் வழி கேட்பேன், பகலில் மட்டும் ஓட்டுகிற வழி.

மணற்காட்டான்
கேளுங்கள், சொல்கிறேன். இரண்டு வண்டியாக வாருங்கள். பெட்ரோல் எங்கே கிடைத்தாலும் டேங்க்கை நிரப்புங்கள், பாதி இருக்கிறதே என்று தாண்டிப் போகாதீர்கள்.

ரூவிராஜா
டிசம்பருக்கு நானும் வரலாமா?

சீப்வாசி
வாங்க அண்ணே, இரண்டாவது வண்டி உங்களுடையதுதான். கடைசியாக ஒன்று, அஷ்கராவில் மீன் வாங்கிச் சமைக்கலாமா? அம்மா வஞ்சிரம் கேட்கிறார்.

கடியபட்டணத்தான்
ஜூலையில் வாங்கலாம். ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை அங்கே நெய்மீனுக்கு (உங்கள் வஞ்சிரம்தான்) தடை, நீங்கள் அதற்கு முன்னால் போகிறீர்கள். காலையில் துறைக்குப் போங்கள், காற்று பலமாக இருந்தால் படகு போயிருக்காது, அப்போது கிடைப்பது முந்தின நாள் மீன், செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். நெய்மீன் இல்லையென்றால் விளமீன் கேளுங்கள், குழம்புக்கு அது போதும். கனாத் என்று கேட்டால் நெய்மீனை எடுத்துக் காட்டுவார்கள்.  கறி மிளகாய்த்தூளும் புளியும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.